பிரான்ஸ் போர்முனையிலிருந்து சிப்பாய்கள் வீட்டுக்கு எழுதிய கடிதங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முதல் உலகப் போரில் பிரான்சுக்கும் பெல்ஜியத்துக்கும் போன இந்தியச் சிப்பாய்கள், பெரும்பாலும் இருபது வயதை ஒட்டிய விவசாயக் குடும்பத்துப் பையன்கள், ஊருக்கு எழுதிய கடிதங்களைப் பற்றிய பக்கம் இது. படிக்கத் தொடங்குகிறவர்கள் முதலில் கேட்கும் கேள்விகளையும், படித்த பிறகு எழும் கேள்விகளையும் சேர்த்தே இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

இவர்கள் எப்போது போனார்கள், எங்கே போரிட்டார்கள்?

1914 ஆகஸ்டில் போர் மூண்டது. செப்டம்பர் 26ஆம் தேதி பிரான்சின் மார்செய் துறைமுகத்தில் இந்தியத் துருப்புகள் இறங்கத் தொடங்கின. அதற்கு நான்கு நாள் முன்னால்தான் எம்டன் கப்பல் சென்னைத் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளைக் குண்டு வீசிக் கொளுத்தியது. லாகூர், மீரட் என்ற இரண்டு காலாட்படை டிவிஷன்கள் முதலில் வந்தன. பின்னாலேயே குதிரைப்படை வந்தது. அக்டோபர் கடைசியில் பெல்ஜியத்தின் ஈப்ர் பகுதியில் அகழிகளில் இறக்கப்பட்டார்கள். வெயில் நாட்டுக்கான மெல்லிய காக்கி உடுப்போடு வந்தவர்கள் அவர்கள். கம்பளி உடுப்பு எல்லோருக்கும் வந்து சேர்வதற்குள் குளிர் வந்துவிட்டது.

காலாட்படையை 1915 இறுதியில் மெசபொட்டேமியாவுக்கு, அதாவது இன்றைய இராக்குக்கு, மாற்றினார்கள். குதிரைப்படை 1918 வரை பிரான்சில் இருந்தது. மொத்தத்தில் சுமார் 1,38,000 இந்தியர்கள் பிரான்சில் பணிபுரிந்தார்கள். இறந்தவர்களில் உடல் கிடைக்காத, கல்லறை இல்லாத 4,700க்கும் அதிகமானோரின் பெயர்கள் நூவ் ஷாப்பெல் என்ற ஊரில் 1927இல் திறந்த நினைவுச் சின்னத்தில் பொறிக்கப்பட்டிருக்கின்றன.

பெரும்பாலோருக்கு எழுதப் படிக்கத் தெரியாதே, கடிதம் எப்படி எழுதினார்கள்?

எழுதத் தெரிந்த ஒருவரைப் பிடித்துச் சொல்லச் சொல்ல எழுதவைத்தார்கள். கம்பெனியில் எழுத்தறிந்த ஒரு சிப்பாய், மருத்துவமனையில் எழுத்தர், ஒய்.எம்.சி.ஏ. என்ற கிறிஸ்தவ இளைஞர் சங்கத்தின் கூடாரத்தில் கடிதத்தாள் கொடுத்து உதவிய ஊழியர், இப்படி யாராவது. ஊரிலும் இதே கதைதான். தபால்காரரோ பள்ளிக்கூட வாத்தியாரோ, திண்ணையில் எல்லோரும் கூடியிருக்க, உரக்கப் படித்துக் காட்டுவார்.

இந்த ஒரு விவரத்தை மனத்தில் வைத்துக்கொள்ளாமல் கடிதங்களைப் படித்தால் பல இடங்களில் தவறாகப் புரிந்துகொள்வோம். கல்யாணமாகி ஆறு மாதத்தில் கப்பல் ஏறிய ஒருவன் மனைவிக்கு என்ன எழுத முடியும்? இந்தப் பக்கம் சக சிப்பாய் கேட்டு எழுதுகிறான். அந்தப் பக்கம் மாமனார், மச்சினன், பக்கத்து வீட்டுக்காரர் எல்லோர் முன்னாலும் படிக்கப்படும். ஆகவே மனைவியை நலம் விசாரிப்பது அப்பாவுக்கு எழுதிய கடிதத்தில் ஒரு வரியாக ஒளிந்திருக்கும். அந்த ஒரு வரியைத் தாண்டிப் போய்விடாதீர்கள்.

கடிதங்களைத் தணிக்கை செய்தார்கள் என்கிறார்களே, அது எப்படி நடந்தது?

முதலில் அந்தந்த ரெஜிமென்ட்டிலேயே அதிகாரி பார்ப்பார். அதற்கு மேல், இந்தியத் தபாலுக்கென்றே தனித் தணிக்கை அலுவலகம் 1914 கடைசியில் பிரான்சில் அமைந்தது. அதிக காலம் பூலோன் நகரத்தில் இயங்கியது. ஈவ்லின் ஹாவெல் என்ற அதிகாரி அதன் முதல் தலைவர். இந்தியாவில் நிர்வாகப் பணியில் இருந்தவர், மொழிகள் தெரிந்தவர்.

அரசின் கவலை இரண்டு. புரட்சிப் பிரசுரம், குறிப்பாக வெளிநாட்டு இந்தியர்கள் ஆங்கில ஆட்சிக்கு எதிராகத் தொடங்கிய கதர் (கலகம்) கட்சியின் அச்சுத்தாள்கள், தபால் வழியாகச் சிப்பாய்கள் கைக்குப் போய்விடக் கூடாது. சிப்பாய்களின் மனநிலை எப்படி இருக்கிறது என்றும் தெரிய வேண்டும். 1915 மார்ச் வாக்கில் பிரான்சிலிருந்த இந்தியர்கள் வாரத்துக்கு 10,000 முதல் 20,000 கடிதங்கள் எழுதிக்கொண்டிருந்தார்கள். கைவிரலில் எண்ணக்கூடிய சிலர் அத்தனையையும் படிக்க முடியாது. ஆகவே இங்கொன்றும் அங்கொன்றுமாக எடுத்துப் பிரித்தார்கள். ஊரிலிருந்து வந்த கடிதங்களையும் பார்த்தார்கள். உருது, குர்முகி எழுத்துப் பஞ்சாபி, இந்தி, கூர்க்காக்களின் மொழி, பஷ்தோ எனப் பல மொழிகளில் இருந்தவற்றில் முக்கியமானவை என்று பட்ட பகுதிகளை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து, அறிக்கையோடு சேர்த்து லண்டனுக்கு அனுப்பினார்கள். கடிதங்களில் பெரும்பாலானவற்றைத் தடுக்காமல் ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். தபால் நின்றுபோனால் கிராமங்களில் பீதி பரவும் என்பது அவர்களுக்குத் தெரியும்.

ஹாவெலின் குறிப்புகளில் ஒன்றைப் படித்தபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சிப்பாய்கள் கடிதங்களில் கவிதை எழுதத் தொடங்கியிருக்கிறார்கள், இது மனம் கலங்கியிருப்பதன் கெட்ட அறிகுறி என்று நினைக்கிறேன் என்கிறார். உளவு பார்க்க உட்கார்ந்தவர்தான், ஆனால் அந்தக் கணிப்பு சரியானது. அந்த மக்களின் வழக்கத்தில் துக்கம் முற்றினால் பேச்சு பாட்டாகிவிடும். நம் வீட்டு ஒப்பாரியை அறிந்த யாருக்கும் இதை விளக்கத் தேவையில்லை.

தங்கள் கடிதத்தை வேறொருவர் படிப்பது சிப்பாய்களுக்குத் தெரியுமா?

நன்றாகத் தெரியும். ஆகவே பூடகமாக எழுதினார்கள். அதிகம் பேசப்படுவது மிளகுக் கடிதம்: இந்தியாவிலிருந்து வந்த கருமிளகு தீர்ந்துவிட்டது, இன்னும் வரவழைக்கப்போகிறார்கள், இல்லையென்றால் சிவப்பு மிளகாயும் மிஞ்சாது, அர்த்தத்தை நீயே புரிந்துகொள் என்று ஒருவர் எழுதுகிறார். கருமிளகு இந்தியச் சிப்பாய். சிவப்பு, வெள்ளைக்காரச் சிப்பாய். கண்டுபிடிக்கப் பெரிய புத்தி தேவையில்லாத சங்கேதம், தணிக்கையாளரும் கண்டுபிடித்துவிட்டார். அதனால்தான் அது நம் கைக்கு வந்திருக்கிறது. பிடிபடாத சங்கேதங்கள் எத்தனையோ ஊர் போய்ச் சேர்ந்து, புரியவேண்டியவர்களுக்குப் புரிந்திருக்கும்.

போரைப் பற்றி வெளிப்படையாக எழுதவே இல்லையா?

எழுதினார்கள், குறிப்பாக முதல் எட்டு மாதங்களில். காயம்பட்டு மருத்துவமனையில் கிடந்த ஒருவர் 1915 ஜனவரியில், இது யுத்தமே இல்லை, உலகத்தின் முடிவு, நம் முன்னோரைப் பற்றி மகாபாரதம் சொல்கிறதே, அந்த மாதிரி என்று எழுதுகிறார். பிணங்கள் அறுத்துப்போட்ட கதிர்க்கட்டுகளைப் போல் கிடக்கின்றன என்கிறார் இன்னொருவர். அது அலங்காரத்துக்காகத் தேடிப் பிடித்த உவமை கிடையாது. அறுவடை முடிந்த வயலைத் தவிர, தரை முழுக்க எதுவோ கிடந்து அவர் பார்த்ததே இல்லை.

1915 மார்ச் 10 முதல் நடந்த நூவ் ஷாப்பெல் சண்டையில் சில நாளிலேயே இந்தியப் படையில் 4,000க்கும் மேற்பட்டவர்கள் மாண்டும் காயம்பட்டும் விழுந்தார்கள். கார்வால் மலைநாட்டுச் சிப்பாய் கபர் சிங் நேகி அந்த முதல் நாளே இறந்து, பிரிட்டிஷ் ராணுவத்தின் மிக உயர்ந்த வீரப் பதக்கமான விக்டோரியா கிராஸ் பெற்றார். அடுத்த மாதம் ஈப்ரில் நச்சுவாயு வந்தது. அங்கே காட்டிய வீரத்துக்காக அதே பதக்கம் பெற்ற ஜமேதார் மீர் தஸ்த், பதக்கம் நல்ல பொருள்தான், ஆனால் இந்த வாயு என்னை நிம்மதியாக இருக்கவிடவில்லை, என் கதையை முடித்துவிட்டது என்று ஊருக்கு எழுதினார். அரசர் ஐந்தாம் ஜார்ஜ் தம் கையால் அவருக்கு அந்தப் பதக்கத்தைக் கொடுத்தார். வரலாற்றுப் பாடத்தில் பதக்கம் மட்டும்தான் வருகிறது.

வீட்டுக்கு என்னதான் எழுதினார்கள்?

இதைத்தான் எல்லோரும் முதலில் கேட்கவேண்டும் என்று நினைக்கிறேன். போரைத் தேடிப் படிக்கிறவர்கள் பாதிக் கடிதத்தைப் புரட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள். அந்தப் பாதியில்தான் எழுதினவன் இருக்கிறான்.

கடிதம் நல விசாரிப்போடு தொடங்கும். இங்கே நான் சுகம், அங்கே எல்லோரும் சுகமா என்ற அதே முறை. பிறகு வரிசையாக உறவுகள். பெரியப்பாவுக்கு வணக்கம், சித்தப்பாவுக்கு வணக்கம், இன்னாருக்குச் சொல்லவும். ஒரு பெயர் விட்டுப்போனாலும் ஊரில் மனஸ்தாபம் வரும். பின்பு காரியங்கள். எருமை கன்று போட்டதா? மழை பெய்ததா? கோதுமை என்ன விலை? அடமானத்தில் இருக்கும் நிலத்தை மீட்டாயிற்றா? பங்காளியோடு நடக்கும் வழக்கு என்ன ஆயிற்று? அனுப்பின பணம் வந்ததா, யார் கையெழுத்துப் போட்டு வாங்கியது? சாதாரணச் சிப்பாயின் மாதச் சம்பளம் அன்றைக்கு 11 ரூபாய். அந்தப் பணத்தின் ஒவ்வொரு ரூபாயும் எங்கே போகவேண்டும் என்று அகழியில் உட்கார்ந்து திட்டமிட்டிருக்கிறான்.

பிறகு, அவன் புதிதாகப் பார்ப்பவை. குதிரைப்படையினர் பிரெஞ்சுக் கிராமங்களில் வீடுகளில் தங்கவைக்கப்பட்டார்கள். ஆண்கள் போருக்குப் போய்விட, ஏர் ஓட்டுவதிலிருந்து கணக்குப் பார்ப்பதுவரை பெண்களே செய்வதைப் பார்த்தார்கள். ஆணும் பெண்ணுமாகப் பிள்ளைகள் எல்லோரும் பள்ளிக்கூடம் போவதைப் பார்த்தார்கள். நம் வீட்டுப் பெண்பிள்ளைகளையும் படிக்க வையுங்கள் என்று ஊருக்கு எழுதியவர்கள் ஒருவர் இருவர் இல்லை. மகனைப் போரில் பறிகொடுத்த பிரெஞ்சுத் தாய்மார்கள் தங்களுக்குத் துணி துவைத்துக் கொடுத்து, படுக்கை விரித்து, பிரியும்போது அழுததை எழுதியிருக்கிறார்கள். மொழி தெரியாத இரண்டு பேர், ஒருவருக்கு மகன் இல்லை, இன்னொருவனுக்கு அம்மா ஆறாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால்.

சாப்பாட்டு ஏக்கமும் உண்டு. நெய்யும் பாலும் உண்டு வளர்ந்தவன் அவன். ஊரிலிருந்து தின்பண்டம் கேட்பார்கள், சிலர் பொட்டலத்தில் மறைத்து அபினும் கேட்பார்கள். குளிரில் நிற்பவனின் தேவை அது. அதற்காக அவனைப் பற்றி அவசரமாக எதையும் முடிவு கட்டாதீர்கள்.

தம்பியைப் பட்டாளத்துக்கு அனுப்பாதே என்று எழுதினார்களாமே?

ஆம். ஆளெடுப்பு மும்முரமாக நடந்த பஞ்சாபுக்கு, தம்பியையோ சித்தப்பா மகனையோ சேரவிடாதே என்று கடிதங்கள் போயின. அதே நேரத்தில் குடும்ப மானம், உண்ட சோற்றுக்கு விசுவாசம், போரில் பின்வாங்காமை என்றும் எழுதினார்கள். சிலர் இரண்டையுமே எழுதினார்கள். இதில் எது உண்மை என்று கேட்பவர்களுக்கு என் பதில்: இரண்டும். தன்னைப் பொறுத்தவரை ஓடிப்போனால் அப்பா ஊரில் தலைநிமிர்ந்து நடக்க முடியாது. தம்பியைப் பொறுத்தவரை அவனாவது பிழைக்கவேண்டும். ஒரே மனிதனுக்குள் இவை சண்டையில்லாமல் இருக்கலாம்.

காயம் ஆறியதும் மறுபடி போர்முனைக்கே அனுப்பியது இவர்களை ஆழமாகப் புண்படுத்தியது. ஒருமுறை குண்டு வாங்கியவன் கடனைத் தீர்த்துவிட்டான், அவனை வீட்டுக்கு அனுப்பவேண்டும் என்பது அவர்கள் எண்ணம். ராணுவம் அப்படி நினைக்கவில்லை. 1915ஆம் வருடக் கடிதங்களில் இந்த மனத்தாங்கல் திரும்பத் திரும்ப வருகிறது.

காயம்பட்டவர்கள் எங்கே இருந்தார்கள்?

பலர் இங்கிலாந்தின் தென்கரையில், பிரைட்டன் நகரத்தில். அங்கே பழைய அரண்மனையான ராயல் பவிலியனை மருத்துவமனையாக்கினார்கள். சாதி, மத வேறுபாடு பார்த்து ஒன்பது சமையற்கூடங்கள் வைத்தார்கள். தண்ணீர்க் குழாய்கூட இந்துக்களுக்கு வேறு, முஸ்லிம்களுக்கு வேறு. கூரையெல்லாம் சித்திர வேலைப்பாடு, சரவிளக்கு. படுத்துக்கொண்டே சொர்க்கம் மாதிரி இருக்கிறது என்று எழுதினார்கள். அரசும் அந்தப் படங்களை அஞ்சலட்டையாக அச்சிட்டுப் பரப்பியது. ஆனால் அதே நகரத்தில், ஏழைகள் விடுதியாக இருந்த கட்டடத்தில் அமைந்த கிச்சனர் மருத்துவமனையில் காவல் கடுமை. வெளியே விடாமல் சிறைக்கைதிபோல் வைத்திருக்கிறார்கள் என்ற புலம்பல் அங்கிருந்து போன கடிதங்களில் கேட்கிறது.

அங்கே இறந்த இந்துக்கள், சீக்கியர்கள் 53 பேரை நகரத்துக்கு வெளியே குன்றின்மேல் தகனம் செய்தார்கள். அந்த இடத்தில் 1921இல் சத்ரி என்ற குடை வடிவ நினைவு மண்டபம் எழுப்பப்பட்டது. முஸ்லிம்களை வோக்கிங் மசூதிக்கு அருகே அடக்கம் செய்தார்கள்.

அசல் கடிதங்கள் இப்போது எங்கே?

பெரும்பாலும் இல்லை. ஊருக்குப் போய்ச் சேர்ந்தவை பெட்டியிலும் கூரை இடுக்கிலும் கிடந்து, கரையானுக்கும் மழைக்கும் போயின. 1947இல் பஞ்சாப் இரண்டாகி, குடும்பங்கள் உடுத்திய துணியோடு எல்லை கடந்தபோது மிச்சமிருந்தவையும் தொலைந்திருக்கும். இன்று நாம் படிப்பது தணிக்கை அலுவலகம் ஆங்கிலத்தில் தட்டச்சு செய்த பகுதிகளை. அவை லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில், பழைய இந்தியா ஆபீஸ் ஆவணங்களில் உள்ளன.

அப்படியானால் அவற்றை எப்படி நம்புவது?

நியாயமான கேள்வி. சிப்பாய் நினைத்தது ஒன்று. தணிக்கைக்குப் பயந்து சொன்னது ஒன்று. எழுதிக்கொடுத்தவர் தன் பாணியில் எழுதியது ஒன்று. அதில் தணிக்கையாளர் முக்கியம் என்று தேர்ந்தெடுத்தது ஒரு துண்டு. அது ஆங்கிலமாகி வந்தது கடைசி வடிவம். இத்தனை கைமாறிய பிறகும் நான் இவற்றை நம்புகிறேன், ஆனால் ஒரு நிபந்தனையோடு. அரசு எதைத் தேடியதோ, அந்த விசுவாசம், அதிருப்தி பற்றிய வரிகளைக் கூடுதல் எச்சரிக்கையோடு படிக்கவேண்டும். அவை யாரோ பார்ப்பார்கள் என்று தெரிந்து எழுதியவை, அதற்காகவே பொறுக்கி எடுத்தவை. எருமையையும் வழக்கையும் மகளின் படிப்பையும் பற்றிய வரிகளில் யாருக்கும் நடிக்கவேண்டிய அவசியம் இருக்கவில்லை. தணிக்கையாளருக்குப் பயன்படாத அந்த வரிகள்தான் நமக்கு அதிகம் பயன்படுகின்றன.

அவர்களுடைய குரல் எங்காவது நேரடியாகக் கிடைக்கிறதா?

கிடைக்கிறது, அதுவும் எதிரியின் தயவில். ஜெர்மானியர்கள் பிடித்த இந்தியக் கைதிகளை பெர்லினுக்குத் தெற்கே வுன்ஸ்டார்ஃப் முகாமில் வைத்திருந்தார்கள். அங்கே மொழி ஆராய்ச்சியாளர்கள் கைதிகளைக் குழல் முன் நிறுத்திப் பேசவைத்து ஒலித்தட்டில் பதிந்தார்கள். 1916 டிசம்பரில் பஞ்சாபைச் சேர்ந்த ஒரு சீக்கியர் பேசியது இன்றும் பெர்லின் ஒலி ஆவணக்காப்பகத்தில் இருக்கிறது. ஒரு மனிதன் இருந்தான், இந்துஸ்தானத்தில் வெண்ணெய் தின்று பால் குடித்து வளர்ந்தான், இங்கிலீஷ்காரர் பட்டாளத்தில் சேர்ந்தான், ஜெர்மனிக்காரன் பிடித்துக்கொண்டான், இன்னும் இரண்டு வருஷம் இங்கே இருக்கவேண்டி வந்தால் செத்துப்போவான் என்று, கதை சொல்வதுபோல், யாரோ ஒருவனைப் பற்றிச் சொல்வதுபோல் சொல்கிறார். நான் என்று சொல்லவே இல்லை.

தமிழர்கள் எழுதிய கடிதங்கள் உண்டா?

இந்தத் தொகுப்பு பிரான்ஸ் தபாலைச் சேர்ந்தது. பிரான்சுக்குப் போன படை பெரும்பாலும் பஞ்சாப், கார்வால், நேபாளம், வடமேற்கு எல்லை ஆட்கள். வீரச் சாதி, வீரமற்ற சாதி என்று ஆங்கிலேயர் வகுத்துக்கொண்ட கொள்கையால் அதற்குள் தென்னாட்டில் ஆளெடுப்பு மிகவும் சுருங்கியிருந்தது. ஆனால் தமிழர்கள் போருக்குப் போகவில்லை என்று பொருளில்லை. மதராஸ் சாப்பர்ஸ் என்ற ராணுவப் பொறியாளர் படையினர் மெசபொட்டேமியாவில் பணிபுரிந்தார்கள். 63ஆவது பாளையங்கோட்டை காலாட்படை 1914 நவம்பரில் கிழக்கு ஆப்பிரிக்காவின் டாங்கா சண்டையில் இருந்தது, அந்தச் சண்டை பெருந்தோல்வி. இந்த ஊரிலிருந்து இத்தனை பேர் பெரும்போருக்குப் போனார்கள், அவர்களில் இத்தனை பேர் உயிர்நீத்தார்கள் என்று சொல்லும் கல்வெட்டுப் பலகைகள் தமிழ்நாட்டில் பல ஊர்களில் இன்றும் உள்ளன. உங்கள் ஊரில் இருந்தால், சுண்ணாம்பு அடித்து மறைப்பதற்குள் படம் எடுத்துவையுங்கள்.

எங்கள் வீட்டில் தாத்தாவின் பட்டாளத்துக் கடிதங்கள் இருக்கின்றன. என்ன செய்யவேண்டும்?

எந்தப் போராக இருந்தாலும், எந்த வருடமாக இருந்தாலும், வைத்திருங்கள். லேமினேட் செய்யாதீர்கள், கிழிந்த இடத்தில் செல்லோடேப் ஒட்டாதீர்கள். இரண்டும் காகிதத்தை நிரந்தரமாகக் கெடுக்கும். துருப்பிடித்த குண்டூசி இருந்தால் மெதுவாக எடுத்துவிடுங்கள். மடிப்பை அழுத்தி நீட்டாமல் அமிலம் இல்லாத தாளில் வைத்து, ஈரமும் வெயிலும் படாத அலமாரியில் வையுங்கள். இரண்டு பக்கத்தையும், வெற்றுப் பக்கமாக இருந்தாலும், ஸ்கேன் செய்யுங்கள்.

உறையைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். களத் தபால் நிலைய முத்திரை, அதன் எண், தணிக்கை முத்திரை எல்லாம் அதில்தான் இருக்கும். முதல் உலகப் போர்க் காலத்துத் தபால்தலையில் ஐ.இ.எஃப். என்று மேலச்சு இருந்தால் அது இந்தியப் படையெடுப்புப் பிரிவுக்கென்று வெளியிட்டது. கடிதத்தில் வரும் பெயர்களுக்கு உறவுமுறை தெரிந்த பெரியவர்கள் வீட்டில் இருந்தால் இந்த வாரமே உட்கார்ந்து கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். எந்த ஊர், எந்தச் சண்டை என்பதைப் பின்னால் ஆவணங்களைப் பார்த்து யார் வேண்டுமானாலும் கண்டுபிடிக்கலாம். சின்னத்தாயி என்று எழுதியிருப்பது அத்தையா, அண்டை வீட்டுக்காரரா என்பதை அவர்கள் மட்டும்தான் சொல்ல முடியும்.